அட்டை தப்பாது

பியெல்லா, 7 அக்டோபர் 1962

அன்புள்ள பிளாச்சிதோ மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் நீவெஸ் எழுதுவது. இங்கே அம்மாவின் இடுப்புவலி, அப்பாவின் மீசை, நான் மூவரும் முன்போலவே இருக்கிறோம். அங்கே உங்கள் இருமலும் முழங்காலும் எப்படி? புவனோஸ் ஐரிஸில் இப்போது வசந்தமாம், அம்மா சொன்னாள். இங்கே கஷ்கொட்டை உதிர்கிறது. ஒரு பரீட்சையில் தோற்றதற்காக உலகத்தின் அடிப்பக்கம் போய்த் தலைகீழாகத் தொங்குகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

எனக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. ஜவுளித் தொழில்நுட்பர் சங்கத்து விருந்தில், கை கழுவும் சோப்பைக் குடைந்து உள்ளே நீலச் சாயப்பொடி வைத்தேன். பதினேழு தொழில்நுட்பர்கள் நீலக் கையோடு பொலெந்தாக் களி சாப்பிட்டார்கள். தலைவர் தெயோதாத்தோ இடையில் மூக்கைச் சொறிந்ததால் அவருக்கு மூக்கும் நீலம்.

"எங்க சாயம் வெளுக்கவே வெளுக்காதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, நெசமான்னு பார்த்தேன் தலைவரே" என்றேன்.

சங்கத்துச் செயலாளராகிய என் அப்பா, மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அங்கேயும் விடவில்லை தலைவர். "தறி கெட்டா நான் சரி பண்ணிருவேன் எவாசியோ. உன் பொண்ணே தறிகெட்டுத் திரியறா, அதை எவன் சரி பண்றது?"

வரும் மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று சங்கத்துக்கு நாற்பது வயது. பழைய குறிப்பேடுகளை எல்லாம் படித்துச் சங்கத்தின் வரலாற்றை நான் எழுதி, அன்று எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். இதுதான் தண்டனை. அன்றைக்கே வழக்கம்போல், துணியின் நிறம் பிரித்துச் சொல்கிற கண் பரீட்சையும். தோற்றவர் ஒரு வருஷம் கழித்து மறுபடி உட்காரலாம் என்று விதி இருக்கிறதே. உங்களுக்கு மூன்று வருஷம் ஆகப்போகிறது. வாருங்கள் மாமா. உட்காருங்கள். ஜெயிப்பீர்கள், சத்தியம் செய்கிறேன்.

இருமலுக்குத் தேன் குடியுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நீவெஸ்


புவனோஸ் ஐரிஸ், 4 நவம்பர் 1962

என் வாலுக்கு,

நீலக் கை விருந்தைப் படித்துச் சிரித்ததில் இருமல் இரண்டு நாள் கூடுதலாக நீடித்தது. முழங்கால் மழைக்கு மட்டும் பேசுகிறது. உன் அம்மாவை இடுப்புக்குச் சூடான தவிட்டு மூட்டை வைத்துக்கொள்ளச் சொல்.

நான் மாவு மில்லில் இருக்கிறேன் என்று அவளுக்கு எழுதியிருந்தேன். நல்ல வேலை. சுவர் வெள்ளை, மூட்டை வெள்ளை, நாங்களும் சாயங்காலத்துக்குள் வெள்ளை. எந்த வெள்ளை என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

பரீட்சைக்கு வா என்கிறாய். தக்காளி வாங்கும்போதே கடைக்காரம்மாவிடம் "இது பழுத்துதா, பாருங்க" என்று கேட்கிற ஆள் நான். சாம்பல் துணி இரண்டைப் பக்கத்தில் வைத்து, எதில் சிவப்பு ஓடியிருக்கிறது, எதில் பச்சை ஓடியிருக்கிறது என்று சொல்கிற வேலை இனி என்னுடையது இல்லை. வரலாற்றில் என் பெயரைப் போடாதே. போட்டால் நல்லபடியாகத்தான் போடுவாய், அது இன்னும் மோசம்.

ஒன்று கவனித்தேன். இருமலைக் கேட்டாய், முழங்காலைக் கேட்டாய், கண்ணைக் கேட்கவில்லை. மூன்று வருஷமாகவே கேட்பதில்லை. புண்ணில் கை வைக்கக்கூடாது என்று நினைக்கிற பிள்ளை. அது எனக்குத் தெரியும்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

மாமா


பியெல்லா, 2 டிசம்பர் 1962

அன்புள்ள மாமாவுக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. அம்மாவின் இடுப்பு தவிட்டு மூட்டையோடு சமாதானம் ஆகிவிட்டது. உங்கள் முழங்கால், இருமல், மற்றதெல்லாம் எப்படி?

குறிப்பேடுகள் சுவாரசியம். 1923-இல் ஒரு சாராயக் கடையின் பின்னறையில் ஏழு பேர் கூடிச் சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து நூல் எண்ணும் கண்ணாடி ஒன்றுதான். அதற்கு முன் முதலாளி சொன்னதுதான் நிறமாம். ரயில்காரர் கோட்டுத் துணியை ஒரு சாயக்காரர் "சரியா இருக்கு" என்பார், முதலாளி இன்னொருவரைக் கூப்பிட்டு "இல்லை, பச்சை ஓடிருக்கு" என்று சொல்லவைப்பார், முதல் ஆளின் கூலி பறிபோகும். அப்படி இரண்டு நண்பர்கள் ஒரே சாம்பலுக்காகச் சண்டை போட்டு, பதினொரு வாரம் பேசாமல், ஒருவர் மகளுக்கு இன்னொருவர் ஞானத்தகப்பனாக நிற்கவே மறுத்திருக்கிறார். குழந்தை ஞானஸ்நானம் இல்லாமல் தவழ ஆரம்பித்துவிட்டதாம்.

அதனால்தான் அட்டை வந்தது. ஓர் அட்டைக்கு ஒரு ஜோடி சாம்பல் துணி. பன்னிரண்டு அட்டை. காலை பத்து மணி, வடக்கு ஜன்னல் வெளிச்சம். விடை உறையில். இதில் ஜெயித்தவன் கையெழுத்துப் போட்ட நிறத்தை எந்த முதலாளியும் மாற்றிப் பேச முடியாது. சுவரில் தொங்குகிற பலகை அன்று எழுதியதுதான்: அட்டை தப்பாது. உட்கார்ந்தவன் எதிர்பேச்சுப் பேசக்கூடாது.

நல்லதுக்குத்தான் செய்திருக்கிறார்கள், மாமா. நான் கேலி செய்யலாம் என்று பேனாவைத் திறந்தேன். முடியவில்லை.

1960 மார்ச் குறிப்பில் உங்களைப் பற்றி ஒரே வரி: "பிளாச்சிதோ, பன்னிரண்டில் ஏழு தவறு, கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கம்." அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று உங்கள் வாயால் சொல்வீர்களா?

குளிரில்லாத கிறிஸ்துமஸ் கொண்டாடப்போகும் உங்களுக்கு வாழ்த்துகள்.

நீவெஸ்


புவனோஸ் ஐரிஸ், 6 ஜனவரி 1963

நீவெஸுக்கு,

நலமாக இருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் மூவருக்கும் புதுவருஷம் நல்லதாகட்டும்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஒருமுறைதான்.

முதல் நாற்காலி எப்போதும் தலைவருடையது. அன்று தெயோதாத்தோவுக்குக் கண்கட்டி. கண் தக்காளிபோல் வீங்கியிருந்தது. "நான் பார்க்கல இன்னிக்கு. பிளாச்சிதோ, நீ உட்காருடா என் எடத்துல. இருக்கறதுலயே இளசான கண்ணு உன்னுது" என்றார். எனக்கு இருபத்தாறு வயது. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பன்னிரண்டையும் தயங்காமல் எழுதினேன். எனக்குத்தான் முதலில் முடிந்தது. உறையைப் பிரித்தார்கள். ஏழு தவறு.

"அட்டை தப்பு" என்றேன். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாவப்பட்ட சிரிப்பு. தலைவர் தோளில் கை போட்டு, "எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க தம்பி" என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: என் அட்டைகளை இன்னொருவர் பார்க்கட்டும். உன் அப்பா தலை குனிந்துகொண்டார். தலைவர் பலகையைக் காட்டினார்.

தோற்றது பெரிதில்லை, நீவெஸ். அந்த ஏழும் எனக்குச் சந்தேகமே இல்லாதவை. அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது பொய் என்றால், எது தெரிந்து என்ன? மறுநாள் சாயத் தொட்டியருகே நின்றேன். பத்து வருஷம் நின்ற இடம். பக்கத்தில் இருந்தவனிடம் "இது சரியா இருக்கா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் கப்பலேற முடிவு செய்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நின்று நீ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் வெளுத்து, கண்ணில் நீரோடு. அந்த ஊரில் எனக்காக அழுத ஒரே ஆள் நீதான். அதை நான் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


புவனோஸ் ஐரிஸ், 24 பிப்ரவரி 1963

எங்கே என் வாலு?

நான் எழுதி ஏழு வாரமாகிறது, பதிலே இல்லை. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, சோப்பில்கூடச் சாயம் வைப்பதில்லை என்று உன் அம்மா எழுதியிருந்தாள். காய்ச்சலா? நான் வரமாட்டேன் என்றதற்குக் கோபமா?

இங்கே ஒரு செய்தி. நம் பக்கத்து ஆள் ஒருவர், ஊருக்கு வெளியே கம்பளி ஆலை நடத்துகிறார். சாயப் பகுதிக்கு ஆள் தேடுகிறார். என் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மார்ச் கடைசி வரைக்கும் அந்த எடத்தை உனக்காக வெச்சிருக்கேன்" என்றார். பரீட்சை கதையைச் சொன்னேன். "அங்க தோத்தவன் இங்க ஜெயிக்கக் கூடாதா" என்றார். நல்ல மனிதர். அவர் துணியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடப்போகிறேன்.

ஒரு வரியாவது போடு. நலமா இல்லையா என்று மட்டும்.

மாமா


பியெல்லா, 5 மார்ச் 1963

மாமா,

உங்கள் கண்கள் எப்படி இருக்கின்றன?

மூன்று வருஷமாகக் கேட்காதது, புண்ணில் கை வைக்கக் கூடாது என்பதற்காக இல்லை. புண் நான் வைத்தது என்பதால். ஏழு வாரம் ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் ஏதாவது சிரிப்பு வந்துவிட்டது. இதில் வராது.

அந்த அட்டைகளை மாற்றியது நான்.

எனக்குப் பதின்மூன்று வயது. பரீட்சைக்கு முந்தைய வாரம் தெயோதாத்தோ எல்லார் முன்னாலும் என் காதைத் திருகியிருந்தார். அவருக்கு எவ்வளவு பெரிய கண் என்று பார்ப்போம் என நினைத்தேன். அட்டைகள் அப்பாவின் அலமாரியில். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கட்டு. முதல் நாற்காலிக் கட்டைப் பிரித்து, குண்டூசியைக் கழற்றி, இடதுபக்கத் துணியை வலதிலும் வலதை இடதிலும் குத்தினேன். ஏழு அட்டை முடித்தபோது அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டது. அதனால்தான் ஏழு. இல்லாவிட்டால் பன்னிரண்டு.

மறுநாள் அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். கை எழவில்லை. அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போய் ஏழையும் பழையபடி மாற்றிக் குத்திவிட்டேன். நீங்கள் பார்த்த அழுகை உங்களுக்காக இல்லை மாமா. மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்.

அலமாரிச் சாவி அப்பாவின் பொறுப்பு, அது அவரைவிட்டுப் போய்விடும் என்று பயந்து முதலில் சொல்லவில்லை. அடுத்த வருஷம் உட்கார்ந்து ஜெயித்துவிடுவீர்கள் என்று நினைத்து அப்புறமும் சொல்லவில்லை. பிறகு நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள், சொல்லவே முடியவில்லை. நீங்கள் எழுதிய பன்னிரண்டும் சரி. அட்டை தப்பு என்றீர்களே, அதுவும் சரி.

அந்த ஆலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். விமானத் தபாலில் அனுப்புகிறேன்.

இங்கே அம்மா, அப்பா நலம். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

நீவெஸ்


பியெல்லா, 21 மார்ச் 1963

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் குறைந்ததா? உங்கள் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். வாசித்துவிட்டேன்.

ஏழு பேரில் ஆரம்பித்து 1960 வரை வந்தேன். உங்கள் வரியைப் படித்தேன். அடுத்து, நான் செய்ததைப் படித்தேன். யாரோ சிரித்தார்கள், இதுவும் என் சேட்டை என்று நினைத்து. அப்பா எழுந்து நின்றதும் சிரிப்பு நின்றது.

தெயோதாத்தோ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷமா அட்டை தப்பினதில்லையே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"அட்டை தப்பல தலைவரே. தப்புப் பண்ணினது நான்" என்றேன்.

கடைசி வரிசையில் கிழவர் குயிரிக்கோ, ஆரம்ப ஏழு பேரில் மிச்சமிருக்கிற ஒரே ஆள், கைத்தடியைத் தட்டினார். "பொண்ணை விடுங்கப்பா. அவ சின்னப்புள்ள. அன்னிக்கு அந்தப் பையன் என்ன கேட்டான்? இன்னொருத்தர் பார்க்கட்டும்னு கேட்டான். அவ மத்தியானம்தானே திரும்ப மாத்திக் குத்தினா? அந்த நிமிஷம் நம்மள்ல ஒருத்தன் எழுந்து போய்ப் பார்த்திருந்தா?"

கைத்தடியை மறுபடி தட்டினார்.

"பதினெட்டு பேரு இருந்தோம். பதினெட்டு பேருக்கும் கண்ணு இருந்துச்சு" என்றார் குயிரிக்கோ.

அன்று பரீட்சை நடக்கவில்லை. பலகையைக் கழற்றிவிட்டார்கள். உட்கார்ந்தவர் கேட்டால் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று புதுவிதி எழுதி, உங்கள் பெயரை மறுபடி பதிவேட்டில் ஏற்றி, எல்லாரும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று சாப்பாட்டில் "உப்பை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திட்டியாவது எழுதுங்கள்.

நீவெஸ்


புவனோஸ் ஐரிஸ், 15 ஏப்ரல் 1963

நீவெஸுக்கு,

இருமல் இல்லை. வைத்தியரிடம் போய்க் கண்ணைக் காட்டினேன். கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

உன் கடிதம் மார்ச் 14 அன்று வந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் மூட்டை தூக்கினேன். கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை மேல் இல்லை. பதினாறு வயது வரை மூடிவைத்த பிள்ளை மேல் இருக்கிறது. மறைத்து எழுதினால் நமக்குள் இன்னொரு பொய் சேரும்.

மார்ச் 30, அந்த ஆலைக்குப் போனேன். இங்கே சூரியன் வடக்கே போவதால் தெற்கு ஜன்னல்தான் நல்ல வெளிச்சம். முதலாளி இரண்டு சாம்பல் துணியை வைத்தார். பார்த்தவுடன் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே ஒருவன் "அப்படியா?" என்றான். மூன்று வருஷமாக அங்கேயே குடியிருக்கிறான். மறுபடி பார்த்தேன். மறுபடி "அப்படியா?" இரண்டு துணியும் ஒன்றாகிவிட்டது. அவர் பொறுமையாகத்தான் நின்றார். நான்தான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

உன் தகவல் சரி. அவனுக்கு அது புரியவில்லை.

அந்த இரண்டு துணியையும் கேட்டு வாங்கி வந்தேன். அட்டையில் குத்தி அனுப்புகிறேன். எதில் சிவப்பு ஓடியிருக்கிறது? காலை பத்து மணிக்கு, சங்கத்து வடக்கு ஜன்னலில் பாருங்கள். உங்கள் விடையை எழுதிய பிறகு, ஒட்டியிருக்கும் சின்ன உறையைப் பிரி. அதில் என் விடை. எனக்காக மாற்றிச் சொல்லாதே. அதை என்னால் தாங்க முடியாது.

சங்கத்துக்கு நன்றி சொல். உன் அப்பாவுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல். எல்லாரும் நலமாக இருங்கள்.

மாமா


பியெல்லா, 5 மே 1963

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவும் அப்பாவும் நலம்.

இன்று காலை பத்து மணிக்குப் பார்த்தோம். மேகம் ஒரே சீராக இருந்தது. தெயோதாத்தோ, அப்பா, குயிரிக்கோ, நான். ஒருவர் பார்க்கும்போது மற்ற மூவரும் வெளியே. நான்கு பேரும் தனித்தனியாக எழுதி மேசையில் கவிழ்த்தோம். நான்கிலும் இடது.

பிறகு உறையைப் பிரித்தேன்.

"இடது" என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். "வலது" என்று எழுதி அதையும் அடித்திருக்கிறீர்கள். மறுபடி இடது, மறுபடி வலது. கடைசி அடியில் காகிதம் கிழிந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

தெயோதாத்தோ கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போடாமலே வைத்துக்கொண்டிருந்தார். அப்பா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்துக்குள் வைத்தார். சாவி அவரிடம் இல்லாததால் குயிரிக்கோ அலமாரியைப் பூட்டினார்.

இந்த முறை உங்கள் கண்களை நான் விசாரிக்கவில்லை, மாமா. அவை நலம். நீங்கள் முதலில் எழுதியதுதான் சரி.

நீவெஸ்